பஸ்ஸிலிருந்து இறங்க ‘கெட் ஆஃப்’: முழுமையான வழிகாட்டி

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். அன்னவாசல்காரர்களான நமக்கு வழி தெரியும். எங்கே இறங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வினை கைவசம் இருந்தால் போதும். வாருங்கள், புதுக்கோட்டையிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே பழகிவிடலாம்.

என்ன பொருள்?

பஸ், ரயில், விமானம், சைக்கிள், பைக்கிலிருந்து இறங்குவது ‘கெட் ஆஃப்’. ஏறுவது ‘கெட் ஆன்’. நேற்று இறங்கியதைச் சொல்ல ‘காட் ஆஃப்’.

நம் வாயில் முதலில் வருவது ‘கெட் டவுன்’. இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு. நமக்குள் பேசும்போது தயங்க வேண்டாம். ஆனால் இங்கிலாந்து, அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு அது உயரத்திலிருந்து கீழே வருவதாகவோ, ‘குனிந்துகொள்’ என்ற எச்சரிக்கையாகவோ கேட்கும். சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்துப் பாறையிலிருந்து இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ பொருத்தம். பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’தான்.

எப்படிப் பழகுவது?

முதலில் வண்டியைப் பார்ப்போம். உள்ளே எழுந்து நடக்க முடிகிறதா? அல்லது சைக்கிள், பைக் மாதிரி மேலே உட்கார்ந்து போகிறோமா? இரண்டுக்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’.

அடுத்து வாக்கியம். பஸ் கிளம்பியதும் ‘ஐ காட் ஆன் அட் புதுக்கோட்டை’ என்று மெல்லச் சொல்லிப் பார்ப்போம். பக்கத்து சீட்டில் வெளிநாட்டுப் பயணி இருந்தால், ‘யூ ஷுட் கெட் ஆஃப் அட் சித்தன்னவாசல்’. ஊர்ப் பெயருக்கு முன் வரும் அந்த ‘அட்’ எளிதில் விட்டுப்போகும். அதை மட்டும் அழுத்திப் பழகுங்கள்.

இது கைவந்த பிறகு, வேலை முடிந்து கிளம்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ‘ஐ கெட் ஆஃப் வொர்க் அட் ஃபைவ்’.

எவ்வளவு செலவு?

ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், உச்சரிப்பும் கேட்கலாம்.

எதில் கவனம்?

ஒருவரைப் பார்த்து ‘கெட் ஆஃப்!’ என்று மட்டும் சொன்னால், ‘கையை எடு’ என்று அதட்டுவதாகிவிடும். ஆட்டோவில் வந்தவரிடம் வெறும் ‘கெட் அவுட்’ இன்னும் மோசம், விரட்டுவதாகவே எடுத்துக்கொள்வார். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்றால் மரியாதை. பஸ்ஸில் சொல்லச் சொல் எதுவும் வரவில்லையா? ‘திஸ் இஸ் யுவர் ஸ்டாப்’ என்று சொல்லிவிடுங்கள், அவரே இறங்கிக்கொள்வார்.