அப்பா குடித்ததே இல்லை, ஈரல் எப்படிக் கெட்டது?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் அப்பாவுக்கு 58 வயது. கித்துல்கலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பத்து வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். போன மாதம் வயிறு ஊதி, கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு ஈரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள். அப்பா சாராயமோ கசிப்போ வாயில் வைத்ததில்லை. லயத்தில் யாரும் நம்புவதில்லை, ஒளித்துக் குடித்திருப்பார் என்கிறார்கள். அம்மா மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரொட்டியும் சம்பலும் மட்டும் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு மாமா சீந்தில் கொடியை அவித்துக் குடிக்கச் சொல்கிறார். அப்பா இப்போது பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போடுகிறார். கவலையில்தான் இப்படி இருக்கிறார் என்று நினைக்கிறோம்.
– வாசகி, கித்துல்கல

பதில்: மகள், மற்றதெல்லாம் பிறகு. இரவு விழிப்பையும் பொத்தானையும் கவலை என்று விட்டுவிடாதீர்கள். இதை வாசித்த கையோடு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்க வேண்டாம். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

குடலில் உண்டாகும் அமோனியா போன்ற கழிவுகளை ஈரல்தான் முறித்து வெளியேற்றுகிறது. சுருங்கிய ஈரலால் அது முடியாது. கழிவு இரத்தத்தோடு மூளைக்குப் போகும்போது முதலில் தூக்கம் தலைகீழாகும், பிறகு கைவேலை தடுமாறும், கடைசியில் நினைவே தப்பும். அப்பாவை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை படபடவென்று கீழே விழுந்து விழுந்து எழும்பினால் அநேகமாக இதுதான். ஆடாவிட்டாலும் கொண்டுபோகத்தான் வேண்டும். மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்று நீரில் கிருமி, உள்ளே இரத்தக் கசிவு, தூக்கக் குளிசை, இதில் எதுவும் இதைக் கிளப்பிவிடும். சீனிக் குளிசை எடுக்கிறவருக்குச் சீனி இறங்கினாலும் இதே தடுமாற்றம் வரும் என்பதால், முதலில் சீனியைப் பார்ப்பார்கள். லக்டுலோஸ் என்ற பாணி மருந்து கொடுத்தால், நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளகலாக வெளியே போகும். வயிற்றோட்டம் என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்தின் வேலையே அதுதான்.

இனி, குடிக்காமல் ஈரல் சுருங்குமா? நன்றாகவே சுருங்கும். ஈரலில் கொழுப்பு படிந்து, அது புண்ணாகி, தழும்பாகி இறுகுவதற்குச் சாராயம் தேவையில்லை, நீண்டகாலச் சீனி வருத்தமே போதும். நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயதானவர்களைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், குடியோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் 18 சதவீதமானவர்களுக்கு இருந்தது. அதில் பெரும்பாலானவர்கள் நம் மலையகத் தமிழர்கள், மலையேறி இறங்கி உழைக்கிறவர்கள். ராகம பகுதியில் 2007இல் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. உடம்பு மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், அது நம் பக்கத்து உடல்வாகு. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி வகைகளும் ஈரலைச் சுருக்கும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனைகளும் செய்தார்களா என்று கேளுங்கள்.

லயத்துப் பேச்சுக்கு நான் சொல்வது இதுதான்: குடித்தே வந்திருந்தாலும் இன்றைக்குச் செய்யவேண்டிய வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். குடிகாரன் பட்டத்துக்குப் பயந்து கிளினிக்குக்கு வராமல் வீட்டிலேயே படுத்துக் கிடக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். ஒன்று, இனிமேல் கித்துல் கள்ளுகூட ஒரு மிடறு ஆகாது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பத்தியம் தலைகீழாக இருக்கிறது. மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும், குறைக்கவேண்டியது உப்பை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான். அதைக் கொடுக்காவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னும், கையும் தோளும் வற்றிப்போவது அதனால்தான். உப்பு எல்லாம் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள் நிற்கவேண்டும். கருவாடு, அச்சாறு, சம்பலில் அள்ளிப் போடும் உப்பு எல்லாம் வயிற்றில் நீராகத்தான் தேங்கும். படுக்கப் போகுமுன் கொஞ்சம் சாப்பாடு கொடுங்கள், இரவு முழுக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. கித்துல் பாணி சீனி வருத்தத்துக்குக் கெடுதியில்லை என்று உங்கள் பக்கம் சொல்வார்கள். அதிலும் சீனிதான் இருக்கிறது.

சீந்தில் வேண்டவே வேண்டாம். 2020 கடைசி மாதங்களில் மும்பையில் சீந்தில் குடித்து ஈரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் நல்ல ஈரலையே உலுக்கக்கூடியதைச் சுருங்கிய ஈரலுக்குக் கொடுக்க முடியாது. உடம்பு வலிக்கு டைக்ளோபெனக், இபுபுரூபன் வாங்கிப் போடுவதும் கூடாது, சிறுநீரகம் போய்விடும், இரத்தமும் கசியும். பனடோல் போடலாம், ஆனால் நாளுக்கு நான்கு குளிசைக்கு மேல் போகக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கமரா விட்டு உணவுக்குழாயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஈரல் இறுகினால் அங்கே இரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும். வெடிக்குமுன் அவற்றுக்கு வளையம் போட்டுவிடலாம். இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, பாதி இரவானாலும் 1990. ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டும். அப்பாவின் நிலைக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பொருந்துமா என்றும் கேட்டு வையுங்கள். ராகம போதனா வைத்தியசாலையில் அது நடக்கிறது, அரச ஆஸ்பத்திரிதான். உங்கள் கிளினிக் வைத்தியரே கடிதம் எழுதி அனுப்பலாம்.