இரும்பு மாத்திரையும் இரண்டு அளவீடுகளும்

இளங்கலைப் பகுப்பாய்வு வேதியியலுக்குள் நவீனக் கருவிகளைக் கொண்டுவரத் தரம்பார்த்தலைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே மாதிரியை இரு வழியிலும் அளக்கச் செய்வதே அதிகம் கற்றுத்தருகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபெரஸ் சல்பேட் மாத்திரை இதற்குப் போதும்.

மாத்திரையை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, ஒரு பகுதியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கலாம். இன்னொரு பகுதியில் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு, சோடியம் அசிடேட், ஃபெனாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். அதை நிறமாலைமானியில் 510 நானோமீட்டரில் அளக்கலாம். பெர்மாங்கனேட் விடை கூடுதலாக வந்தால் மாணவர் முதலில் தம் கையைத்தான் சந்தேகிப்பார். மாத்திரையின் சர்க்கரைப் பூச்சும் பெர்மாங்கனேட்டைச் செலவழித்திருக்கலாம் என்பதை அவரே கண்டுபிடிக்க விடுவது நல்லது. சீரிக் அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அதற்கு நிறங்காட்டியாகும் ஃபெரோயின், நிறமாலைமானியில் அளந்த அதே இரும்பு அணைவுதான்!

நீர்த்தலில்தான் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையை 250 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 240 மில்லிகிராம். அளவீட்டுக்கு அதை நூறு மடங்கு நீர்க்க வேண்டும். அப்போது ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் உட்கவர் அளவு 0.5-ஐ ஒட்டி அமையும். 1 மில்லிலிட்டரை எடுத்து ஒரே தடவையில் 100 ஆக்குவது சுலபம். ஆனால் 1 மில்லிலிட்டரில் 0.01 பிசகினால் பிழை 1 சதவீதம். 10 மில்லிலிட்டரில் 0.02 பிசகினால் 0.2 சதவீதமே. பத்தைப் பத்து மடங்காக இரண்டு முறை நீர்ப்பதே மேல். விலை உயர்ந்த கருவியாலும் பிப்பெட்டில் புகுந்த பிழையைத் திருத்த முடியாது.

நிறமாலைமானி ஒன்றே இருந்தால் நிறத்தை அளக்கக் கைபேசிக் கேமராவும் உதவும். வெற்றுக்கரைசலும் மாதிரியும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். தானியங்கி ஒளியமைப்பைப் பூட்டிவிட வேண்டும்.

எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) கருவியைச் சுற்றி வகுப்பு முழுவதையும் நிறுத்துவது வீண். தேநீரிலுள்ள காஃபீனை அளப்பதானால், ஒவ்வொரு குழுவும் காஃபீனின் ஒரு செறிவை மட்டும் தயாரித்து, எல்லாக் குழுக்களின் புள்ளிகளையும் சேர்த்து ஒரே அளவுத்திருத்தக் கோடு வரையலாம். கோட்டை விட்டு விலகிய புள்ளி யாருடையது என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்த வாரம் அந்தக் குழு குடுவையைக் கவனமாகக் கழுவும். தேநீர் மாதிரியை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியே செலுத்துவதையும் மாணவரே செய்யட்டும். தாங்கல் கரைசல் பயன்படுத்திய நாளில், தூய மெத்தனாலுக்கு மாறுமுன் நீர் மிகுந்த கரைப்பானால் கருவியின் நிரலைக் (column) கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும்.

மதிப்பெண்ணைச் 'சரியான' எண்ணுக்கு மட்டும் கொடுத்தால் ரெக்கார்டு நோட்டில் எண்கள் அழகாக ஒத்துப்போகும். இரு முறைகளின் வேறுபாட்டை விளக்கியதற்கே பாதி மதிப்பெண் தரலாம்.