புகையைப் படிக்கும் சென்சார்: ஸ்மோக் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்த ஆன்டி வைரஸ் போடலாம்? யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்? கம்ப்யூட்டர் அறையில் நள்ளிரவில் தீப்பிடித்தால் நம்மை யார் எழுப்புவார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தீ எப்படிப் பிடிக்கிறது?

எரியக்கூடிய பொருள், ஆக்ஸிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தீ பிடிக்கும். இதனைத் தீ முக்கோணம் என்பார்கள். பிடித்த தீ தொடர்ந்து எரிய, சங்கிலித் தொடர்போல் நடக்கும் வேதிவினையும் தேவை. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் தீ அணைந்துவிடும்.

காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் எப்போதும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மேஜையைச் சுற்றி பிளாஸ்டிக், வயர், பேப்பர், ஜன்னல் திரை என எரியும் பொருளுக்கும் குறைவில்லை. ஆகவே பாக்கி இருப்பது வெப்பம் ஒன்றுதான். அதை நாமே கொடுத்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டு 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதே போர்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் 500 வாட் மிக்ஸியையும் செருகினால் மொத்தம் 1750 வாட். வயர் சூடாகும். பிளக் லூசாக இருந்தால் குறைந்த லோடிலேயே அந்த இடம் சூடாகும். சுடர் தெரிவதற்கு முன்பே வயரின் மேலுறை கருகிப் புகையத் தொடங்கும்.

சுடரை விடப் புகை ஆபத்து

2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. சுமார் 90 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேல்தளங்களில் இருந்த நோயாளிகள். தீ அவர்களைத் தொடவே இல்லை. மேலே பரவிய புகையில் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதை இது தடுத்து மயக்கத்தில் தள்ளிவிடும். தூங்குபவரின் மூக்கை நம்ப முடியாது. காதை நம்பலாம். ஆகவேதான் புகையை உணர்ந்து சத்தம் போடும் கருவி தேவைப்படுகிறது.

மூன்று வகை டிடெக்டர்கள்

1. போட்டோ எலெக்ட்ரிக்: உள்ளே ஒரு எல்.இ.டி. விளக்கும் ஒளியை உணரும் சென்சாரும் இருக்கும். விளக்கின் ஒளி சென்சார்மேல் நேராக விழாதபடி கோணத்தில் அமைத்திருப்பார்கள். புகை நுழைந்ததும் அதன் துகள்களில் பட்டு ஒளி சிதறும். சிதறிய ஒளி சென்சாரில் விழுந்ததும் அலாரம் அடிக்கும். கனன்று புகையும் தீயை இது முதலில் கண்டுபிடிக்கும்.

2. அயனைசேஷன்: இதில் மிகச் சிறிய அளவில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை அயனியாக்குவதால் சிறு மின்னோட்டம் ஓடும். புகைத் துகள்கள் வந்தால் மின்னோட்டம் குறையும், உடனே அலாரம். பேப்பர்போலக் குபீரென்று எரியும் தீக்கு இது வேகமானது.

3. ஹீட் டிடெக்டர்: வெப்பத்தை மட்டும் பார்க்கும். ஒரு வகை சுமார் 57 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இயங்கும். இன்னொரு வகை, நிமிடத்துக்கு சுமார் 8 டிகிரி வேகத்தில் வெப்பம் ஏறினால் இயங்கும். தாளிக்கும் புகைக்கு ஏமாறாது என்பதால் சமையலறைக்கு ஏற்றது.

பெரிய கட்டடங்களில்

இந்த அமைப்பைக் கம்ப்யூட்டருடன் ஒப்பிட்டால் எளிதில் புரியும். டிடெக்டர்கள் கீபோர்டைப் போன்ற இன்புட். கண்ட்ரோல் பேனல்தான் சி.பி.யூ. ஹூட்டரும் விளக்கும் அவுட்புட்.

பழைய முறையில், எந்தப் பகுதியில் தீ என்று மட்டுமே பேனல் சொல்லும். அட்ரஸபிள் முறையில் நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களைப்போல ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி முகவரி உண்டு. பேனல் ஒவ்வொன்றையும் மாறி மாறி விசாரித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் மாடியில் எந்த அறை என்பதுவரை திரையில் தெரிந்துவிடும். வயர் வளையமாகச் செல்வதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தகவல் வந்து சேரும். மின்சாரம் போனாலும் பேட்டரி காக்கும். அமெரிக்காவின் என்.எப்.பி.ஏ. 72 விதி, 24 மணி நேரக் காத்திருப்புக்கும் அதன்பின் 5 நிமிட அலாரத்துக்கும் பேட்டரி தாங்க வேண்டும் என்கிறது.

நம் வீட்டுக்கு எது?

கம்ப்யூட்டர் அறையில் பெரும்பாலும் முதலில் வருவது வயர் கருகும் புகை. ஆகவே பேட்டரியில் இயங்கும் போட்டோ எலெக்ட்ரிக் வகையை நான் சிபாரிசு செய்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படுக்கையறைக்கு வெளியே பொருத்துங்கள்.

* புகை மேலே போகும். எனவே கூரையில் பொருத்துங்கள். சீலிங் ஃபேன் காற்றுக்கும் சுவர் மூலைக்கும் தள்ளி இருக்கட்டும்.
* அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். பூஜை அறை அருகிலும் வேண்டாம். சாம்பிராணிப் புகைக்கும் அலாரம் அடிக்கும்.
* மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றிவிடுங்கள்.
* தொல்லை தாங்காமல் பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

அலாரம் அடித்தால்

முதலில் எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்புங்கள். புகை சூழ்ந்திருந்தால் குனிந்து செல்லுங்கள், கீழே காற்று சற்றுத் தெளிவாக இருக்கும். கை எட்டினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது கம்ப்யூட்டர்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சிறியதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைப் பயன்படுத்தலாம். பவுடர் வகையும் அணைக்கும், ஆனால் படியும் தூள் சர்க்யூட் போர்டைக் கெடுத்துவிடும். வெளியே வந்ததும் 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள போட்டோக்களை எடுக்க யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. அவற்றின் பேக்கப்பை இன்றே எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.