கோரஸ் பாட வந்த பிள்ளைகளுக்கு

கோரஸ் மைக் முன்னால் நிற்கும்போதே உங்கள் கண்ணெல்லாம் தனி மைக் மேல் இருக்கிறது. முப்பது வருடம் அந்த வரிசையில் நின்றவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த ஆசை தப்பில்லை. அதனால்தான் டெனீஸ் வில்லியம்ஸ் பாடிய ‘ஃப்ரீ’ என்ற பாட்டைக் கேட்கச் சொல்கிறேன். ஸ்டீவி வொண்டருக்குக் கோரஸ் பாடிய ‘வொண்டர்லவ்’ குழுவில் இருந்தவர் அவர். அங்கிருந்து விலகி, 1976இல் ‘திஸ் இஸ் நீசி’ என்று முதல் தனி ஆல்பம் போட்டார். அதில் இருக்கும் பாட்டு இது.

1. ஹெட்ஃபோன் போட்டு முழுசாகக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஆறு நிமிடம். வாத்தியங்கள் அவசரப்படாமல் இடம் விட்டு வாசிக்கின்றன. டெனீஸின் குரல் எந்த உயரத்துக்கும் போகும். ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் காட்ட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி தொடங்குவார். போகப் போகத்தான் குரல் மேலே ஏறும், அதுவும் கத்தாமல், நூல் பிடித்த மாதிரி. பக்கத்துக் குரலை மூடிவிடாமல் பாடிப் பழகியவருக்குத்தான் இந்த நிதானம் வரும் என்பது என் எண்ணம். புதிதில் நானும் என் குரல் தனியாகக் கேட்கட்டும் என்று அழுத்திப் பாடியவள்தான். இசையமைப்பாளர் ஒன்றும் திட்டவில்லை. மைக்கிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அந்த இரண்டடியில் கற்றதை எந்தப் பாட்டு வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

2. கூட நிற்பவர்களைப் போட்டியாகப் பார்க்காதீர்கள். ‘ஃப்ரீ’யை எழுதியவர்கள் நான்கு பேர். டெனீஸ் ஒருவர். சுசே கிரீன் வொண்டர்லவ்வில் கோரஸ் பாடியவர். நேதன் வாட்ஸ் ஸ்டீவி வொண்டருக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர், ஹாங்க் ரெட் சாக்ஸபோன் வாசித்தவர். டெனீஸை முன்னால் கொண்டுவந்த பாட்டே பின்வரிசை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

3. முதல் ரெக்கார்ட் ஓடவில்லையா, பரவாயில்லை. 1960களின் கடைசியிலேயே டெனீஸ் சாண்ட்லர் என்ற பெயரில் சிகாகோவின் சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் பாடியிருக்கிறார். பெரிதாகப் பேசப்படவில்லை. நர்ஸ் ஆகலாம் என்று படிக்கவும் போனவர்.

4. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களையும் நினையுங்கள். ‘திஸ் இஸ் நீசி’ ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவின் மாரிஸ் வைட்டும் சார்லஸ் ஸ்டெப்னியும். ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, 1976 மே மாதம், 45 வயதில் ஸ்டெப்னி இறந்துபோனார். பாட்டு போய்ச் சேர்ந்த உயரத்தை அவர் பார்க்கவில்லை.

5. உங்கள் பாட்டை எந்த ஊர் முதலில் தூக்கிவைத்துக் கொண்டாடும் என்று கணக்குப் போடாதீர்கள். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் ‘ஃப்ரீ’ 25ஆம் இடத்தோடு நின்றது. கடல் தாண்டி பிரிட்டனில், 1977 மே மாதம், முதலிடம்.

6. இன்று ராத்திரி கேளுங்கள். நாளை ஒத்திகைக்கு வரும்போது, டெனீஸ் எந்தெந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று ஒவ்வொருவரும் எனக்குச் சொல்ல வேண்டும்.