வயலில் உணரிகளை எங்கே நாட்டுவது?

உருளைக்கிழங்கைத் தாக்கும் இலைக்கருகல் நோயை நீலகிரிக் குடியானவர்கள் நன்கு அறிவர். தழைகளுக்கிடையே ஈரமும் குளிர்ச்சியும் நீடித்தால் அது வெகு விரைவில் வயல் முழுவதும் பரவிவிடும். ஈரம் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அறிய வழியில்லாமையால் நாம் தேதியைப் பார்த்து மருந்து தெளிக்கிறோம். அதில் எவ்வளவு வீண் என்பது எவருக்கும் தெரிவதில்லை.

நெதர்லாந்து நாட்டு உருளைக்கிழங்கு வயலொன்றில் 2005-ஆம் ஆண்டு இதற்கொரு முயற்சி நடந்தது. கம்பியில்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் சிறு உணரிப் பெட்டிகளை வயலெங்கும் நாட்டினர். எல்லாம் ஒரே வகையல்ல என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மழையும் காற்றும் வயல் முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றே; அவற்றை அளக்க வானிலைக் கருவி ஒன்று போதும். தழைக்குள் நிற்கும் வெப்பமும் ஈரப்பதமும் இடத்துக்கு இடம் மாறுவன. ஆதலால் அவற்றுக்குரிய பெட்டிகள் பல வேண்டும். 20, 40, 60 சென்டிமீட்டர் உயரங்களில் அவற்றை அமைத்தனர். எந்த அளவு மிகுதியாக மாறுகிறதோ, அதற்கே உணரிகள் மிகுதியாக வேண்டும். புதிய பெட்டியை, ஏற்கெனவே உள்ளவற்றைக் கொண்டு ஊகிக்க இயலாத இடத்தில் வைத்தல் நன்று.

வேறொரு தொல்லையும் உண்டு. பயிர் பூக்கும் பருவத்தில் அடர்ந்த தழை ரேடியோ அலையைத் தடுக்கும். வெறும் நிலத்தில் ஒன்றோடொன்று பேசிய பெட்டிகள் அப்போது மௌனமாகிவிடும். இதற்காகவே, உணரி எதுவுமில்லாத 30 பெட்டிகளை 75 சென்டிமீட்டர் கம்பங்களில் ஏற்றத் திட்டமிட்டனர். செய்தியை வாங்கி அனுப்புவதே அவற்றின் வேலை. அளக்காத கருவிக்கு எதற்குப் பணம் என்று தணிக்கையில் யாராவது வினவக்கூடும், நாமே வினவியிருப்போம். ஆனால் அவற்றை நீக்கினால் மற்றவை அளந்தது வயலைவிட்டு வெளியே வராது.

இவ்வளவு செய்தும் அப்பருவத்தில் வந்து சேர்ந்தது எதிர்பார்த்த செய்திகளில் நூற்றுக்கு 2 பங்கே. பெட்டிகளை நாட்டிய இடத்தைக் காட்டிலும் அவற்றை இயக்கிய நிரல்களின் பிழைகளே அதற்குப் பெரிதும் காரணம். ஆகவே உணரி வாங்க எண்ணும் சங்கங்கள், முதலில் இரண்டு பெட்டிகளை மட்டும் தருவித்து, பயிர் பூத்து நிற்கும் வாரத்தில் வயலின் இரு கோடிகளிலும் வைத்துச் சோதித்துக் காட்டும்படி விற்பவரைக் கேட்கலாம். விதைப்புக்கு முன் வெறும் நிலத்தில் காட்டும் சோதனையை ஏற்க வேண்டியதில்லை.