ஊழியத்துக்கு வருமுன்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பூர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சின்னமனூருக்கே திரும்பி முழுநேர ஊழியம் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன், "என் நோக்கம் சரியானதுதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு இன்னும் பல வாலிபர்கள் இருப்பார்கள். அதனால் உங்கள் பெயர் போடாமல் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியதைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பு கிடைத்த இரவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். உபவாச ஜெபம், கண்ட தரிசனம், ஊழியத்துக்கு வைக்கப்போகிற பெயர் எல்லாம் இருக்கின்றன. சின்னமனூரைப் பற்றி மட்டும், இருளில் கிடக்கிற ஊர் என்று ஒரே வரி. பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு மனிதரின் பெயர்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. அதிகாலையில் கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் இல்லை. வாழைத்தார் சுமக்கிறவர் இல்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாதாந்திரச் சாமான் வாங்க இறங்கி வருகிற குடும்பம் இல்லை. "ஆத்துமாக்கள்" என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

உள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து நோக்கத்தைச் சோதிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. எவ்வளவு ஜெபித்தாலும், நாம் பார்க்க விரும்புவதைத்தான் அங்கே பார்ப்போம். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். பொறாமையினாலும் போட்டியினாலும் பிரசங்கிக்கிறவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் சந்தோஷப்படுகிறார். இதைக் காட்டித் தங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். பவுல் அங்கே தன் வருத்தத்தை விழுங்கிக்கொண்டு பேசுகிறார். போட்டிக்காரருக்கு நற்சான்று எழுதிக் கொடுக்கவில்லை.

நம் சபைகளின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. சபைக்குள் வருகிறவனின் நோக்கத்தை நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். 1876 முதல் 1878 வரை பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியபோது திருநெல்வேலிப் பக்கம் ஆயிரமாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு எழுந்தது. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் அதை மறுக்க முயலவில்லை. அவர்களிடம் உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்ப்பது சரியல்ல, வந்தபின் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் வேலை என்ற நிலையை எடுத்தார். 1930களில் காந்தியடிகள் அதே கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டார்: ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதில் ஆன்மிகம் எவ்வளவு? பசித்தவன் சோற்றை நினைத்து வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். சேர்க்கிறவனின் நோக்கத்தை மட்டும் நம் சபைகளில் யாரும் இத்தனை காலம் அதிகம் துருவிக் கேட்கவில்லை. நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றுகிறது.

காந்தியடிகளோடு அந்த விஷயத்தில் முரண்பட்டு நின்றவர் நம்மவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக ஊர் ஊராகப் போய் வாலிபர்களிடம் பேசினார். நெல்லைக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் தங்கள் ஆட்களை, தங்கள் காணிக்கையில், தங்கள் நிர்வாகத்தில் அனுப்ப வேண்டும் என்று 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியதில் முன்நின்றார். மேடை, பெயர், உலகத் தலைவர்களின் பழக்கம் எல்லாம் இருந்தன. அதை விட்டுவிட்டு 1909-இல், முப்பத்தைந்து வயதில், நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கலுக்கு மிஷனரியாகப் போனார். புதிதாகத் தெலுங்கு படிக்க வேண்டியிருந்தது. யாரிடம் போனார் என்பதைக் கவனியுங்கள்: பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களிடம், அதாவது ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களிடம்.

மறு ஆண்டு, 1910-இல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அங்கே கூடியிருந்த வெள்ளைக்கார மிஷனரிகள் முன் அசரியா பேசியது இன்றைக்கும் நினைக்கப்படுகிறது. நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை, அதைத்தான் கேட்கிறோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். அரங்கில் பலருக்கு அது சுட்டது. 1912-இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை டோர்னக்கல்தான் அவருக்கு ஊர்.

தம்பி, என் பதில் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் யாருக்கு ஊழியம் செய்கிறீர்களோ அவர்கள் உங்களுக்கு நண்பர்களா? உங்களிடம் "முடியாது" என்று சொல்ல அவர்களால் முடியுமா? உங்களைக் கடிந்துகொள்ள ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் உங்கள் நோக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நாற்பது நாள் உபவாசமும் உங்களைக் காப்பாற்றாது.

சின்னமனூர் இருக்கிற நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நட்புக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இது நன்றி மறக்காத மண். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் படத்தை இன்றைக்கும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-இல் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அரசே மணிமண்டபம் கட்டித் திறந்தது. தண்ணீர் தந்தவரைத் தெய்வமாக வைக்கிற இந்த மக்கள், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு நீங்கள் ஜெபித்து அது எழுந்து உட்கார்ந்துவிட்டால் உங்களை எங்கே வைப்பார்கள் என்று யோசியுங்கள். "ஐயா கை வச்சா சரியாயிரும்" என்ற பேச்சு ஒரே வாரத்தில் தெருவைத் தாண்டிவிடும். பிளக்ஸ் போர்டில் உங்கள் படம் ஆளுயரத்துக்கு வரும். பாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் ரெவரெண்ட் என்பார்கள், பணம் கட்டினால் டாக்டர் பட்டம் தருகிறவர்களும் தேடி வருவார்கள். இதில் எதையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மறுக்காமல் இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான். நோக்கம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

லெஸ்லி நியூபிகின் என்ற மிஷனரியின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, முப்பத்தேழு வயதில், மதுரை இராமநாதபுரம் பேராயரானவர். அன்றைக்கு நம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் 1936-இல் இந்தியா வந்த புதிதில், மிஷனரிகள் கிராம சபைகளுக்குக் காரில் போவதைக் கண்டு கூசிப்போய் எழுதியிருக்கிறார். நடந்து போகிறவர்கள் மேல் சேறடித்துக்கொண்டு போய் இறங்குகிறோம், குறை கண்டுபிடிக்கிறோம், அவர்கள் விறைத்து நின்று ஐயா என்கிறார்கள் என்ற வேதனை அது. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், அந்தக் கார் போகவில்லை. இன்று அதிலிருந்து நம்மவர்கள் இறங்குகிறார்கள்.

நட்பு என்றால் இனிமையாகப் பழகுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எங்கே கடினமாகும் என்று சொல்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு உங்களிடம் வருகிறார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956 திருத்தத்தால் சீக்கியர்களுக்கும், 1990 திருத்தத்தால் பௌத்தர்களுக்கும்தான் பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். மகளின் உதவித்தொகை, மகனின் வேலை வாய்ப்பு, பஞ்சாயத்தில் தனித்தொகுதியில் நிற்கும் உரிமை எல்லாவற்றையும் இது தொடும். சாதி அவரை விட்டுப் போகாது, சலுகை மட்டும் போகும். இது அநியாயம்தான். திருத்தச் சொல்லித் தமிழக சட்டமன்றமே 2023-இல் தீர்மானம் போட்டது. ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை.

இதை அவரிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வீர்களா? சொன்னால் அவர் யோசிக்க நேரம் கேட்கலாம், வராமலே போகலாம். உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு எண் குறையும். நண்பனாக இருந்தால் சொல்லித்தான் தீர வேண்டும். "பேப்பர்ல இந்துன்னே இருக்கட்டும்" என்று கண்ணடித்துக் கடந்துபோகிற ஊழியம் நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. சத்தியத்தைச் சொல்ல வந்தவன் ஒரு குடும்பத்தின் புது வாழ்வைப் பொய்யில் தொடங்கி வைப்பது எனக்குத் தாங்கவில்லை.

மருந்து விஷயமும் அப்படியே. சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மாத்திரையையோ விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்லாதீர்கள். யாராவது தாமாக நிறுத்தினால் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். குணமானபின் டாக்டருக்கும் சேர்த்து நன்றி சொல்லுங்கள். உங்கள் சாட்சிக் கூட்டம் அதனால் சிறுத்துப் போகாது.

யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து ஒதுங்கினபோது பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்தார், கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து மட்டும் ஆட்கள் வருகிற சபை நம் மாவட்டத்தில் புதிதல்ல, கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதியால் பிரித்து வைத்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. அசரியா டோர்னக்கலில் மாலாக்களையும் மாதிகாக்களையும் ஒரே திருவிருந்தில் உட்கார வைக்கப் பாடுபட்டார். அந்த இரண்டு சமூகங்களுக்கிடையிலும் தீண்டாமை இருந்தது. உங்கள் சொந்தக்காரர்கள் மனம் கோணுவார்கள் என்று தெரிந்தும் ஒரு வீட்டில் நீங்கள் கை நனைக்கிறீர்கள் என்றால், உங்கள் நோக்கத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணிக்கை வாங்குவது தவறில்லை, ஊழியர் சாப்பிட வேண்டும். ஆனால் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள், ஜீபே எண்ணைப் பிரசங்க வீடியோவின் அடியில் ஓட விடாதீர்கள். அறக்கட்டளை பதிவு செய்யுங்கள். அதில் மனைவியும் மைத்துனரும் மட்டும் இருக்க வேண்டாம், உங்களோடு சண்டை போடக்கூடிய இரண்டு பேராவது இருக்கட்டும். கணக்கை வருடத்துக்கு ஒருமுறை சபையில் வாசியுங்கள். நூறு ரூபாய் கொடுத்த பாட்டிக்கும் கேள்வி கேட்க உரிமை இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து யாரோ உதவுவதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ அரசின் முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இவை இல்லாமல் வேறு வழியாக வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரோடு சேராதீர்கள்.

சின்னமனூரில் ஏற்கெனவே இருக்கிற சபைகளைப் பற்றியும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் தொடங்கிய வேலை கிராமம் கிராமமாக உபதேசியார்களின் நடைப்பயணத்தில் பரவியது. சொற்பச் சம்பளத்தில் பள்ளிக்கூடமும் நடத்தி, சாவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய், பெயர் எங்கும் பதியாமல் போனவர்கள் அவர்கள். தொடங்குமுன் அங்கிருக்கிற போதகர்களைப் போய்ப் பாருங்கள். அவர்கள் சபைப் பிள்ளைகளை உங்கள் கூட்டத்துக்கு இழுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். வேதம் படிக்க ஆசையென்றால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அதற்கும் அவசரம் இல்லை.

கடைசியாக உங்கள் அம்மா விஷயம். அவர் சம்மதிக்கவில்லை, விசுவாசக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிர் குழுவில் அவர் பெயரில் வாங்கிய கடனில் இன்னும் பாதி நிற்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அது விசுவாசக் குறைவு இல்லை. குழுக் கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்றப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அம்மாவுக்கு அது தெரியும். பவுல் கொரிந்துவில் பகலெல்லாம் கூடாரம் தைத்தார், அதனால் அவர் அப்போஸ்தலப் பணி குறைந்துவிடவில்லை. கடன் முடிகிறவரை திருப்பூர் வேலையை விடாதீர்கள். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போது கூட்டம் போடாமல், மைக் இல்லாமல், நாலு வீடு ஏறி இறங்குங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்தத் தெருக்களில் யாருக்கு என்ன கஷ்டம் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் அண்ணன்