இரும்புக்கை மாயாவியும் இயற்பியலும்

படக்கதை படிப்பது பொழுதைப் பாழாக்கும் வேலை என்று கருதுவோர் பலர். அவர்களோடு வாதிடுவது என் நோக்கமன்று. ஒரு படக்கதையைக் கையில் வைத்துக்கொண்டே இயற்பியலில் மூன்று பாடங்களைப் படித்துவிடலாம் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்ட கதை 'இரும்புக்கை மாயாவி'.

கதை வந்த வழி

1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் இக்கதை தொடராக வெளிவரத் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது, அதன் முதல் இதழாக வந்ததும் இதுவே. 'லயன் காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' ஆகியவை தோன்றியது 1984இல்தான். எங்கள் ஆரணியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த கட்டிலிருந்துதான் நான் முதன்முதலில் மாயாவியைப் பெற்றேன். பாடநூல் அல்லாமல் எங்கள் வீட்டிற்குள் வந்த முதல் புத்தகம் அது.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்தவனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. பிறகு ஒருநாள் மின்சாரம் தாக்க, அவன் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிறது. இனி நாம் மூன்று வினாக்களை எழுப்புவோம்.

உடல் மறையுமா?

ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு, அது ஒளியை உறிஞ்சவோ, பிரதிபலிக்கவோ, விலக்கவோ வேண்டும். பலகாரம் கட்டிய காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை ஊடுருவ விடுவதை அனைவரும் கண்டிருப்போம். காகித இழைகளுக்கு இடையே இருந்த காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரம்புகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் இழையின் எண்ணுக்கு நெருக்கமாதலால், ஒளி சிதறுவது குறைகிறது. நம் ஆய்வுக்கூடத்துப் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயைக் கிளிசரினில் முழுதும் அமிழ்த்திப் பாருங்கள். இரண்டின் எண்ணும் ஏறத்தாழ 1.47. குழாய் கண்ணுக்கு மறைந்தே போகும்!

ஆனால் மனிதன் இருப்பது காற்றில். காற்றின் எண் ஏறத்தாழ 1. நீரின் எண்ணோ 1.33. பெரும்பகுதி நீரால் ஆன உடல் காற்றோடு ஒன்றிப்போக வழியில்லை. அப்படியே மறைந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை. ஒளி முழுவதும் ஊடுருவிச் செல்லும் மாயாவிக்குக் கண்ணே தெரியாது.

மின்சாரம் என்ன செய்யும்?

மூன்றில் முதன்மையானது இதுவே. "ஒயரைத் தொட்டால் நானும் மறைவேனா?" என்று என் தம்பி ஒருநாள் கேட்டான். ஓம் விதியைக் கொண்டு அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக்கையோடு தொட்டால் உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்த ஒயரை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும். இரும்போ நல்ல மின்கடத்தி, அது காப்பாற்றாது.

பட்டுக்குச் சாயம் ஏற்றும் ஊரில் ஈரக்கை அன்றாடக் காட்சி. ஆகவே இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாமல், முதலில் மெயினை அணைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. வீட்டுக்கு ஒன்று இருத்தல் நலம்.

இயந்திரக்கை இயங்குமா?

இதில் மட்டும் கற்பனை மெய்யாகியுள்ளது. தசை சுருங்கும்போது சிறு மின்குறிகை எழுகிறது. தோலின் மேல் வைத்த மின்வாய்கள் அதை உணர்ந்து, பேட்டரியால் இயங்கும் மோட்டாரைச் செலுத்த, செயற்கைக்கையின் விரல்கள் மடங்கி நீள்கின்றன. நம் நாட்டிலேயே 1968இல் ராம் சந்தர் சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 'ஜெய்ப்பூர் கால்' என்னும் செயற்கைக்காலை உருவாக்கினர். மருத்துவரும் கைத்தொழிலாளியும் ஒருங்கே நின்று செய்த சாதனை அது என்பதை, தறியின் ஓசையோடு வளர்ந்த நாம் சிறப்பாக நினைக்க வேண்டும்.

முடிவுரை

ஆக மூன்றில் ஒன்று இயலாதது, ஒன்று உயிருக்கு உலை வைப்பது, ஒன்று உண்மையானது. இவற்றைப் பிரித்தறியும் ஆற்றல் படக்கதையை ஒளித்து வைப்பதால் வராது. நண்பர்களே, வீட்டில் தம்பி தங்கையர் படக்கதை படித்தால் பிடுங்காதீர்கள். அருகில் அமர்ந்து, "இது நடக்குமா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். விடை தேடி அவர்கள் தாமே பாடநூலைப் புரட்டக்கூடும்.